டவுன் பஸ்ஸில் போய், நடந்து, வேறு பஸ்ஸில் திரும்ப: குமரி மாவட்டத்தில் நான்கு நடைகள்

கன்னியாகுமரிக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, சாயங்காலம் அஸ்தமனம் என்று ஒரே நாளில் முடித்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். இன்னும் ரெண்டு நாள் இருந்தால் கார் எடுத்துக்கொண்டு திற்பரப்பு, பத்மநாபபுரம் என்று ஒரு சுற்று. அதில் தப்பில்லை. ஆனால் நடக்கப் பிடித்தவர்களுக்கு இந்த மாவட்டத்தில் இருக்கிற பெரிய சௌகரியம் காரில் போனால் கையில் அகப்படாது. அந்தச் சௌகரியம் இங்கே ஓடுகிற டவுன் பஸ்.

காரிலோ பைக்கிலோ போனால், எவ்வளவு தூரம் நடந்தாலும் வண்டி நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். பாதி நாள் பார்த்த வழியையே மறுபடி பார்ப்பதில் போய்விடும். பஸ்ஸில் போனால் ஒரு ஊரில் இறங்கி, நடந்து, வேறொரு ஊரில் ஏறலாம். குமரியில் இது சாத்தியப்படுவதற்குக் காரணம் ஊர் அமைப்பு. மற்ற மாவட்டங்கள் மாதிரி ஒரு ஊர், அப்புறம் நாலு மைல் பொட்டல், அப்புறம் இன்னொரு ஊர் என்று இங்கே கிடையாது. வீடு, தோப்பு, குளம், வீடு, கோயில், வீடு என்று போய்க்கொண்டே இருக்கும், ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பலகையைப் பார்த்துத்தான் தெரியும். அதனால் பஸ்ஸும் ஓடை மாதிரி சந்துகளுக்குள் எல்லாம் புகுந்து போகும். எங்கே கால் ஓய்ந்தாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு நிறுத்தம் இருக்கும்.

முதலில் பஸ் விஷயம்

நாகர்கோவிலை மையமாக வைத்துத் தங்குங்கள், கன்னியாகுமரியில் வேண்டாம். நாகர்கோவிலில் ரெண்டு பேருந்து நிலையம். மீனாட்சிபுரத்தில் இருக்கிற அண்ணா பேருந்து நிலையம், பக்கத்து ஊர்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் போகிற டவுன் பஸ்களுக்கு. வடசேரி, வெளியூர் பஸ்களுக்கு, மார்த்தாண்டம் பக்கம் போகிறவற்றுக்கும் அங்கேதான் போவேன். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் காலையில் தப்பான நிலையத்தில் நின்று அரை மணி நேரம் விடுவது வழக்கம். விடுதியில் கிளம்பும்போதே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். 2021 முதல் இந்த பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, கண்டக்டர் இலவசச் சீட்டு கொடுப்பார், வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரெண்டு பெண்கள் சேர்ந்து நடக்கப் போனால் கடற்கரை நடைக்குப் பஸ் செலவே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸில் இது செல்லாது, ஏறுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள். காலை ஆறு மணிக்கு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் நம்மைப் பார்க்கிற பார்வையை அந்த நாள் முழுக்க மறக்க முடியாது.

நேர அட்டவணைக்குப் போனை நம்பாதீர்கள். போன் காட்டுகிற நேரத்தை நம்பி ஒருமுறை ஒரு கடற்கரை ஊரில் குருசடி என்கிற சிலுவைக்கோயில் திண்ணையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பெட்டிக்கடை வாசலில் இருந்த ஒரு அண்ணாச்சி, "அந்த வண்டி நிறுத்தி வருசமாச்சுல்லா" என்றார், அதை அவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம், நான்தான் கேட்கவில்லை. மீன் ஏற்றிப்போன ஒரு வேன்காரர் நாகர்கோவில் வரை கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் "சாயங்காலம் இந்தப் பக்கம் கடைசி வண்டி எப்போ?" என்று கேட்டுவிடுகிறேன். டீக்கடையில் இன்னொரு தடவை. ரெண்டு பதிலும் ஒத்துப்போனால் சரி.

இன்னொரு விதி, நான் பட்டுத் தெரிந்துகொண்டது: பஸ் குறைவாக வருகிற ஊரில் தொடங்கி, பஸ் அதிகமாக வருகிற ஊரில் முடியுங்கள். காலையில் காத்திருப்பதில் கஷ்டமில்லை, காற்று நன்றாக இருக்கும், டீ இருக்கும். சாயங்காலம் காலெல்லாம் உப்பும் மணலுமாக நிற்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வர வேண்டும். கீழே சொல்லியிருக்கிற நடைகளில் ஒன்றைத் தவிர மற்றவை இப்படித்தான் போகின்றன.

எப்போது வருவது

குமரிக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நடப்பதற்கு நல்ல காலம். ஏப்ரல், மே வேர்த்து ஊற்றும், ஆனால் நுங்கும் பதநீரும் கிடைக்கும், அதற்காகவே சிலர் வருவார்கள். மழைக்காலத்தில் உள்நாட்டு நடை அருமையாக இருக்கும், கடற்கரை வேண்டாம்.

கடலைப் பற்றி ஒன்று. இங்கே 'கள்ளக்கடல்' என்று ஒரு சொல் உண்டு. உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும், எங்கோ தென் சமுத்திரத்தில் எழும்பிய அலை திடீரென்று கரையேறும். கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நாளில் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று காலையில் செய்தியில் பாருங்கள், கரையில் மீன்காரர்களிடமும் கேளுங்கள். அவர்கள் வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டிருந்தால் நாமும் மேலேயே நடப்போம். பாறை நுனியில் நின்று போட்டோ எடுக்கிற வேலையே வேண்டாம்.

பொழி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு கடலில் சேருகிற வாய். வெயில் காலத்தில் மணல் மூடி நடந்து கடக்கலாம், மழை பெய்தால் உடைத்துக்கொண்டு ஓடும். வரைபடத்தில் ரெண்டு பக்கக் கடற்கரையும் ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி தெரியும், போய்ப் பார்த்தால் நடுவில் இடுப்பளவு தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருக்கும். பொழியை நீந்திக் கடக்கப் பார்க்காதீர்கள். பாலம் எங்கே என்று கேட்டுச் சுற்றிப் போங்கள்.

பையில் ரெண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, தோர்த்து என்கிற மெல்லிய துண்டு ஒன்று, பிடிப்பான செருப்பு. ஷூ போட்டால் மணல் ஏறி உயிரை எடுக்கும். கோயிலில் கழற்ற வேறு வேண்டும்.

முட்டம் முதல் குளச்சல் வரை

நாலில் எனக்குப் பிடித்தது இது. 10 கிலோமீட்டரை ஒட்டி வரும், நின்று நின்று போனால் ஐந்து மணி நேரம். அண்ணா பேருந்து நிலையத்தில் முதல் முட்டம் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து ஏழு மணிக்குள் இறங்கிவிடுங்கள். வடமேற்கு நோக்கி நடப்பதால் காலை வெயில் முதுகில் விழும், முகத்தில் விழாது.

முட்டத்தில் கரை உயரமாக இருக்கும். செம்மண் மேடு, அதன் கீழே கருப்புப் பாறைகள், அதில் அலை மோதுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்கும். கலங்கரை விளக்கம் இருக்கிற மேட்டில் ஒரு கால் மணி நேரம் நின்றுவிட்டு ஊருக்குள் இறங்கிக் கடியப்பட்டணம் பக்கம் நடக்கத் தொடங்குங்கள். முழுக்க மணலிலேயே நடக்கலாம் என்று நினைத்து வராதீர்கள். பல இடத்தில் கரையை அலை அரித்துவிட்டதால் கல் கொட்டிச் சுவர் வைத்திருக்கிறார்கள், நடுநடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கல்வரிசை தூண்டில் வளைவு. கல் மேல் தாவித் தாவிப் போவது சினிமாவுக்குத்தான் நன்றாக இருக்கும். மணல் இருக்கிற இடத்தில் மணல், இல்லாத இடத்தில் ஊர்ச் சாலை, அப்படித்தான் போக வேண்டும்.

மணலில் காயப்போட்டிருக்கிற வலையை மிதிக்காதீர்கள், சுற்றிப் போங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கரமடி இழுப்பதைப் பார்க்கலாம். கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு ரெண்டு பக்கமும் கரையில் நின்று ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் நோக்கி நகர்ந்து வருவார்கள். கேட்டால் நம்மையும் பிடிக்கச் சொல்வார்கள். பத்து நிமிஷத்தில் உள்ளங்கை எரியும். வலை கரைக்கு வந்ததும் ஊரே கூடிவிடும், காக்கா உட்பட.

கடியப்பட்டணம் தாண்டி வள்ளியாறு கடலில் சேருகிறது. இங்கே பாலம் வழியாகப் போங்கள். அந்தப் பக்கம் சின்னவிளை, மணவாளக்குறிச்சி. இங்கே மணல் நிறம் மாறும். குனிந்து பாருங்கள். அலை பின்வாங்கும்போது கருப்பும் கருஞ்சிவப்புமாக, யாரோ தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி வரி வரியாக நிற்கும். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இதோடு கலந்து மோனசைட் என்ற கனிமமும் இருக்கிறது, கதிரியக்கம் உள்ள தோரியம் அதில்தான். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்தக் கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து துப்புக் கிடைத்தது என்பது இங்கே எல்லாரும் சொல்கிற கதை. மத்திய அரசின் அருமணல் ஆலை இப்போதும் இங்கே இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப்போங்கள். காகிதத்தில் சுற்றி மணலில் புரட்டினால் கருப்புத் துகள் மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வரும். என் அக்கா மகன் அதைவிட்டு நகர மறுத்து ஒரு மணி நேரம் போயிற்று. பார்த்துவிட்டு அங்கேயே உதறிவிட்டு வாருங்கள், மணலை அள்ளிக்கொண்டு வர வேண்டாம்.

மண்டைக்காடு வரும்போது பசி வந்திருக்கும். பகவதி அம்மன் கோயிலில் மூலஸ்தானத்தில் இருப்பது 15 அடிப் புற்று. மாசி மாதத் திருவிழாவான மாசிக்கொடை சமயத்தில் இருமுடி கட்டிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், பெண்களின் சபரிமலை என்று பெயரே உண்டு. அந்தப் பத்து நாள் நடைக்கு ஏற்ற நாள் இல்லை, பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாளில் கோயில் பக்கம் சின்னக் கடைகளில் ஏதாவது கிடைக்கும். மீன் வேண்டுமென்றால் குளச்சல் வரை பொறுங்கள். ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை, அப்போது மீன் விலை ஏறியிருக்கும்.

மண்டைக்காடு புதூர், கொட்டில்பாடு என்று ஊர்கள் வரிசையாக வரும். கொட்டில்பாட்டில் 2004 சுனாமியில் போனவர்கள் ஏராளம். அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நடப்பது என் வழக்கம்.

ஒருமுறை இந்த வழியில் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வந்த ஒரு அம்மா எங்களோடு கொஞ்ச தூரம் நடந்தார். "எங்க போறிய மக்களே?" என்று கேட்டார். முட்டத்திலிருந்து குளச்சலுக்கு நடந்து போகிறோம் என்றோம். "பஸ்ஸு ஓடுதுல்லா, பின்ன எதுக்கு நடக்கிய?" எங்களிடம் நல்ல பதில் இல்லை. அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, காத்து வாங்கணும்னா நடக்கணும்" என்று முடித்துக்கொண்டார்.

குளச்சல் சின்னத் துறைமுக ஊர். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது இங்கேதான், அதன் நினைவாக வெற்றித்தூண் இருக்கிறது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுக்கிறவராக ஆகிவிட்டார். காணிக்கை மாதா ஆலயத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு வந்தால் நாகர்கோவிலுக்கு வண்டி வந்துகொண்டே இருக்கும்.

வட்டக்கோட்டை முதல் கன்னியாகுமரி வரை

இது அரை நாள் நடை, 6, 7 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கும் அஞ்சுகிராமத்துக்கும் இடையில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிக் கோட்டைக்குப் போகிற விலக்கில் இறக்கிவிடச் சொல்லுங்கள், அங்கிருந்து நடை. மேலே சொன்ன டிலனாய் வலுப்படுத்திக் கட்டிய கருங்கல் கோட்டை, கடலை ஒட்டி நிற்கிறது. சுவரில் மீன் சின்னம் செதுக்கியிருக்கும், தேடிப் பாருங்கள். மதில் மேல் ஏறினால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பும் காற்றாலைகளும். அப்புறம் தெற்கே இறங்கிச் சின்னமுட்டம் துறைமுகம் வழியாகக் கன்னியாகுமரி. வழியில் நிழல் கிடையாது, அதனால் மத்தியானம் வேண்டாம். இங்கே கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அந்த நாட்களில் சின்னமுட்டத்தில் படகெல்லாம் நெருக்கிக் கட்டிக் கிடக்கும், பார்க்க அழகு, ஆனால் ஏலம் இருக்காது. மீன் ஏலம் பார்க்க வேண்டுமானால் அந்த மாதங்களைத் தவிர்த்து, படகு திரும்புகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

மருந்துவாழ்மலை, அப்புறம் சாமித்தோப்பு

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் இடது கைப்பக்கம் தனியாக ஒரு பாறை மலை தெரியும். பொத்தையடியில் இறங்க வேண்டும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை, மூலிகை இருப்பதால் அந்தப் பெயர். நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை மேலே இருக்கிறது.

ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் எட்டு மணிக்குள் உச்சி. பாதி வரை படி, அப்புறம் பாறை. குரங்குகள் உண்டு, சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளும், தொப்பியைப் பையில் வைத்துவிடுங்கள். அங்கிருந்து பார்த்தால் குளங்கள் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும், தெற்கே நிலம் முடிகிற இடம் தெரியும். கடற்கரையில் நிற்கும்போது முனை என்பது ஒரு பெயர் மாதிரித்தான் இருக்கும். இங்கிருந்துதான் உண்மையிலேயே நிலம் கூர்மையாக முடிவது கண்ணுக்குப் பிடிபடுகிறது.

இறங்கி, நெடுஞ்சாலையைத் தாண்டி, தோப்புகளுக்குள் கேட்டுக் கேட்டுப் போனால் சாமித்தோப்பு. அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி, அதாவது முதன்மையான கோயில். கீழ்ச்சாதி என்று வைத்திருந்தவர்களைத் தோளில் துண்டு போடக்கூட விடாத காலத்தில், ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னவர் அவர். இன்றும் ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும், உங்கள் தோர்த்து இங்கே உதவும். உள்ளே சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. நம்மையே பார்த்துக் கும்பிட வேண்டும். வேர்த்து வழிந்து, மலைத்தூசியோடு, தலைப்பாகை கோணலாக இருந்த என் முகத்தை அதில் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

சிதறால், திருவட்டாறு, மாத்தூர்

இது உள்நாட்டு நடை, முழு நாள் வேண்டும். பஸ் குறைவான இடத்தில் முடிகிறது, என் விதியை நானே உடைக்கிறேன். காரணம் கோயில் நடை சாத்துகிற நேரம். திருவட்டாறு கோயிலை மத்தியானம் அடைத்துவிடுவார்கள், அதற்குள் அங்கே இருக்க வேண்டும்.

வடசேரியிலிருந்து மார்த்தாண்டம், அங்கே "சிதறால் போகுமா?" என்று கேட்டு ஏறுங்கள். எட்டு மணி வாக்கில் மலையடிவாரத்தில் இருந்தால் போதும். கல் பாவிய பாதை, கொல்லாமா என்கிற முந்திரி மரங்கள், இருபது நிமிஷ ஏற்றம். மேலே ஒரு பெரிய பாறை குடை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் முகத்தில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டு, ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பின்னால் சமணம் ஒதுங்கி இது பகவதி கோயிலாக ஆனது, ரெண்டும் அதே பாறையில் சண்டையில்லாமல் இருக்கின்றன. காலையில் போனால் பாறை குளிர்ந்திருக்கும், ஆளும் இருக்காது.

இறங்கித் திருவட்டாறுக்கு நடக்க 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. ரப்பர் தோட்டங்கள் வழியாகப் போகிற சாலை. காலையில் மரத்தைச் சீவிவிட்டிருப்பார்கள், சாய்ந்த வெட்டு வழியாக வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் இறங்கும். வீட்டு முன்னால் கொடியில் துணி மாதிரி ரப்பர் ஷீட் காயும், அதன் நாற்றம் முதல் நாள் குமட்டும், மூன்றாவது நாள் தெரியவே தெரியாது. தோட்டத்துக்குள் குறுக்கே போகிறதானால் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

திருவட்டாறை மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு போகிறது, பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார், மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். 2022 ஜூலையில் 418 வருஷத்துக்கு அப்புறம் குடமுழுக்கு நடந்தது. ஆண்கள் சட்டை இல்லாமல் போக வேண்டும். பிரகாரத்துத் தூண்களில் ஒவ்வொன்றிலும் விளக்கேந்திய பாவை, ஒருத்தி முகம் மாதிரி இன்னொருத்தி முகம் இல்லை.

சாப்பாட்டை இங்கேயே முடியுங்கள். மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் கிடைத்தால் விடாதீர்கள். கடையில் மட்டிப்பழக்குலை தொங்கினால் அரை டஜன் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், விரல் நீளம்தான் இருக்கும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். மூன்று மணி வரை எங்காவது நிழலில் இருங்கள், அவசரமில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலம் மூன்று கிலோமீட்டர். பரளியாற்றுக்கு மேலே, ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகிற பாலம். காமராஜர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண். நாம் நடப்பது தண்ணீர் ஓடுகிற தொட்டியின் ஓரத்தில் இருக்கிற ஒடுங்கிய நடைபாதையில். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் தென்னை மரங்களின் தலை நம் காலுக்குக் கீழே. உயரம் ஆகாதவர்கள் பாதி வரை போய்விட்டுத் திரும்பலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள், எதிரே வருகிறவரும் அதே நிலைமையில்தான் இருப்பார். தண்ணீர் பார்க்க ஆசையிருந்தால் அணை திறந்திருக்கிறதா என்று திருவட்டாறிலேயே கேளுங்கள், மூடியிருந்தால் தொட்டி காய்ந்து கிடக்கும்.

பாலத்துக் கீழே ஆற்றங்கரைக்கு இறங்கப் படிகள் இருக்கின்றன. இறங்கிப் பார்த்தால்தான் தூண்களின் உயரம் தெரியும், ஆனால் ஏறி வர வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள், நாளின் கடைசியில் அந்தப் படிகள் கொஞ்சம் அதிகம். ஐந்தரை மணிக்குள் படியேறி மேலே சாலைக்கு வந்துவிடுங்கள். திருவட்டாறுக்குத் திரும்புகிற பஸ் வந்தால் ஏறிவிடுங்கள், வராவிட்டால் ஆட்டோ, அதுவும் இல்லாவிட்டால் வந்த மூன்று கிலோமீட்டரைத் திரும்ப நடக்க வேண்டியதுதான். திருவட்டாறிலிருந்து தக்கலை, தக்கலையிலிருந்து நாகர்கோவில். ஜன்னலோர இடம் கிடைத்தால் மட்டிப்பழத்தை அப்போது எடுங்கள்.